அச்சுத்துணியும் பல்கலைக்கழகமும்

துணியிலே பூவும் கொடியும் வரைவதற்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டுமா? கேட்பவருக்கு நகைப்பை விளைவிக்கும் இந்தக் கேள்வி, இங்கிலாந்திலே பணத்தைப் பங்கிடும் கேள்வியாகி விட்டது. செலவு மிகுந்த பாடங்களைக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அங்கே அரசு ஒரு தனி மானியம் வழங்குகிறது. அதில் ஆக்கக்கலைகளுக்குரிய பங்கு 2021 ஆம் ஆண்டிலே பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒரு மாணவருக்கு 243 பவுணாக இருந்த தொகை 121 பவுண் 50 பென்சாயிற்று. மருத்துவமும் விஞ்ஞானமும் பொறியியலும் போன்ற துறைகளே நாட்டின் உடனடித் தேவைகள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அச்சுத்துணி வடிவமைப்பும் அவ்வாறு குறைக்கப்பட்ட பாடங்களுள் அடங்கும்.

தொகை சிறிதுதானே என்று தோன்றலாம். ஆனால் இது கரும்பலகையும் புத்தகமும் கொண்டு கற்பிக்கக்கூடிய பாடமன்று. நீண்ட அச்சுமேசைகள், திரைச்சட்டங்கள், சாயங்காய்ச்சும் கூடம் ஆகியன வேண்டும்; கைவினை அறிந்த துணையாளரும் வேண்டும். மாணவர் செலுத்தும் கட்டணமோ 1998 ஆம் ஆண்டில் 1,000 பவுணாகத் தொடங்கி, 2012 இல் 9,000 ஆகி, 2025 இலே 9,535 பவுணுக்கு உயர்ந்தது. மாணவரின் சுமை ஏற, அரசின் கை சுருங்குகின்றது. இதிலே வியப்பு என்னவெனில், இந்தக் கல்வியின் அருமையைத் தன் சொந்த நட்டத்திலிருந்து கற்றுக்கொண்ட நாடு இங்கிலாந்தே.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சீத்தைத் துணிகள் ஐரோப்பியரை மயக்கின. சலவைக்குக் கரையாத அவற்றின் செந்நிறம் படிகாரத்தாலும் சாயவேராலும் பிறந்தது. அவ்வேர் நம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழப்பட்டு, ஒல்லாந்தர் காலத்தில் அவர்தம் கொம்பனியின் தனியுரிமைப் பொருளாயிருந்தது. இத்துணிகளோடு போட்டியிட முடியாத ஆங்கிலக் கம்பளி, பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1700 ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுத்துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உடுப்பதையே தடுத்தது. தன் நாட்டிலே அச்சிட்ட பருத்தித் துணிக்கு அத்தடையை இங்கிலாந்து நீக்கியது 1774 இலேதான். 1783 இலே உருளை அச்சுப் பொறிக்கு உரிமம் பெறப்பட்டது. அதன்பின் துணி மலைபோற் குவிந்தது.

பொறி இருந்தது, பருத்தி இருந்தது, சந்தையும் இருந்தது. ஆயினும் வடிவமைப்பிலே பிரான்சு முன்னின்றது. பிரெஞ்சுச் சித்திரங்களை ஆங்கில வணிகர் விலைக்கு வாங்கினர். சிலர் களவாகவும் எடுத்தனர். இக்குறையை ஆராயப் பாராளுமன்றம் 1835 இலே ஒரு குழுவை அமைத்தது. 1837 இல் இலண்டனிலே அரசினர் வடிவமைப்புப் பள்ளி திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே துணிநகரமாகிய மான்செஸ்டரும் ஒரு பள்ளியைத் தொடங்கியது. முன்னையது 1896 முதல் அரச கலைக்கல்லூரி என்ற பெயருடன் விளங்குகிறது. பின்னையது இன்று மான்செஸ்டர் பெருநகரப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயுள்ளது. கலையின்மேற் கொண்ட காதலினால் மட்டும் அரசு இவற்றைத் திறக்கவில்லை. சந்தையை இழக்கும் அச்சமே திறக்கச் செய்தது.

அங்ஙனமாயின் இங்கே கற்பிக்கப்படுவது யாது? ஒரு தாளிலே அழகிய மலரை வரைவது ஓவியம். அம்மலர் துணியின் நீளமெல்லாம் தொடர்ந்து வரவேண்டும். வருவது கண்ணுக்குச் சலிப்பூட்டவும் கூடாது. ஆலைகளிலே வழங்கும் சுழல்திரையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சதமமீற்றர். அவ்வளவுக்கொருமுறை சித்திரம் தன் தொடக்கத்தோடு தையல் தெரியாமற் பொருந்த வேண்டும். அடுத்த வரிசையைப் பாதியளவு கீழிறக்கி அமைத்தால், குறுக்கே தோன்றும் கோடுகள் மறையும். எட்டு நிறமெனில் எட்டுத் திரை. ஒவ்வொரு திரைக்கும் செலவு. ஆகவே எட்டு நிறத்தின் செழுமையை ஐந்து நிறத்திலே காட்டத் தெரிந்தவனே வல்லவன். உடுப்பவர் நடக்கும்போது மடிப்பிலே சித்திரம் எப்படி உடையும், திரைச்சீலையாகத் தொங்கும்போது எப்படி விரியும் என்பனவும் சிந்திக்கப்பட வேண்டும். இவற்றை விதிகளாக மனனம் செய்யலாம். ஆனால் பத்துத் துணியை அச்சிட்டுக் கெடுத்து, ஆசிரியரோடு அருகில் நின்று பார்த்தாலன்றிக் கண் பழகாது.

பழகிய கண்ணின் பயனுக்கு ஒரு சான்று கூறலாம். லூசியன் டே என்னும் பெண்மணி 1937 முதல் 1940 வரை அரச கலைக்கல்லூரியிலே பயின்றவர். 1951 ஆம் ஆண்டுப் பிரித்தானிய விழாவுக்காக அவர் ‘காலிக்ஸ்’ என்னும் திரைச்சீலைத் துணியை வரைந்தார். மெல்லிய கோடுகளும் கிண்ணம் போன்ற உருவங்களும் கொண்ட அச்சித்திரம் விலைபோகுமோ என்று தயாரித்த நிறுவனமே ஐயுற்றது. அது நன்கு விற்பனையானதோடு, அவ்வாண்டே மிலான் கண்காட்சியிலே பொற்பதக்கமும் பெற்றது. சந்தை கேட்பதைக் கொடுப்பவர் பலர். சந்தை இன்னும் கேட்கத் தெரியாததைக் கொடுப்பவரை உருவாக்குவதே பள்ளியின் பணி.

இப்பொழுது கணினி வந்துவிட்டது. மைதெளிக்கும் அச்சுப்பொறிக்குத் திரையுமில்லை. நிறத்தின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடுமில்லை. செயற்கை நுண்ணறிவோ கேட்ட கணத்திலே நூறு சித்திரங்களை நீட்டுகிறது. இனி இப்படிப்பு எதற்கு என்பார் உளர். நூறு கிடைக்கும்போதுதான் தெரிவு செய்யும் அறிவு அதிகம் வேண்டும். மேலும், அந்த நூறும் முன்னே மனிதர் வரைந்தவற்றிலிருந்து பிறந்தவையே. துணியச்சிடுவோரின் புதிய சித்திரத்துக்கு இரண்டு மாத உரிமை கொடுத்துப் பிறர் நகலெடுப்பதைத் தடுத்த சட்டம் 1787 இலே இங்கிலாந்தில் இயற்றப்பட்டது. அதே நாட்டின் அரசு, உரியவர் மறுப்புத் தெரிவித்தாலன்றி அவர் ஆக்கங்களைக் கொண்டு இப்பொறிகளைப் பயிற்றலாமா என்று 2024 டிசெம்பரிலே கருத்துக் கேட்டது. கலைஞர் பலர் வெகுண்டதிலே வியப்பில்லை.

எதிர்த்தரப்பாரின் வாதத்திலே உண்மை இல்லாமலில்லை. லங்காஷயரின் ஆலைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கடன் சுமந்து பட்டம் பெறும் இளைஞருக்குத் தகுந்த தொழில் கிடைப்பது அரிது. ஆனால் ஆலை மறைந்த நாட்டிலே எஞ்சியுள்ள செல்வம் வடிவமைப்பு ஒன்றே என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும்.

இவ்விவகாரம் நமக்கு அயலாருடையதன்று. இலங்கையின் ஏற்றுமதிப் பொருள்களுள் ஆடைக்கே முதலிடம். ஆயினும் நாம் தைக்கும் துணியின் சித்திரமும் நிறமும் பெரும்பாலும் கடல்கடந்த நகரங்களிலே தீர்மானிக்கப்படுகின்றன. தையற்கூலி நமக்கு, வடிவத்தின் விலை அவர்களுக்கு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலே ஆடை வடிவமைப்புக்குப் பட்டப்படிப்பு உண்டு. 1960 களிலே எனா டி சில்வா பற்றிக் துணியிலே நம் நாட்டுக்கென ஒரு முகத்தைக் காட்டினார். வழி இல்லாமலில்லை. ஆனால் சித்திரம் கெட்டித்தனம் குறைந்த பிள்ளைக்குரிய பாடமென்று ஆசிரியரும் பெற்றோரும் எண்ணும்வரை, அவ்வழியிலே நடப்போர் சிலராகவே இருப்பர்.

அன்று நம் கரையிலே சாயவேர் அகழ்ந்தோருக்குக் கிடைத்தது சொற்பம். அவ்வேரின் சிவப்பை விற்றோருக்குக் கிடைத்தது பெருஞ்செல்வம். வேருக்குப் பதிலாக இன்று ஊசியைக் கொடுக்கின்றோம். வகுப்பறையிலே கொப்பியின் ஓரத்தில் பூ வரையும் மாணவியை இனிக் கடிந்துகொள்ளுமுன், ஆசிரியர் ஒரு கணம் இதனை நினைத்துப் பார்ப்பாராக.