பெயர்த்தெழுதலும் பெயரெழுதலும்

ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுதல் நம் முன்னோர்க்குக் கைவந்த தொழில். பழைய ஏடு செல்லுக்கு இரையாகுமுன் புதிய ஓலையை வாரிப் பாடஞ்செய்து எழுத்தாணியால் எழுதிவைத்தனர். அவ்வாறு எழுதியோருட் பலர் நூல் முடிந்தவுடன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடவில்லை. இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னாருடைய ஏட்டை இன்னார் எழுதி முடித்தார் என்று இறுதியில் ஒரு குறிப்பும் எழுதினர். அக்குறிப்பு நூலின் பகுதியன்று; ஆயினும், அந்த ஏட்டின் வரலாற்றை அறிதற்கு நமக்குக் கிடைக்குஞ் சான்று பெரும்பாலும் அதுவே.

இக்காலத்தில் ஏடு எழுதுவார் அரியர். ஆனால், அதற்கு ஒப்பான ஒரு தொழில் நம் வீடுகளில் நடைபெறுகின்றது. இறுவட்டிலுள்ள இசையைக் கணினிவழியாகக் கையடக்க ஒலிக்கருவிக்கு மாற்றுதலே அது. 'இதிலே எழுதுவதற்கு என்ன இருக்கின்றது?' என்று சிலர் வினாவலாம். இருக்கின்றது என்பதே என் கருத்து.

இறுவட்டு 1982ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்தது. 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அத்தட்டு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட இசையைத் தாங்குவது. ஊசி உராய்வதில்லை, நாடா சிக்குவதில்லை. ஆதலின் இஃது அழியாதது எனப் பலரும் நம்பினர். அந்நம்பிக்கை முழுதும் மெய்யன்று. சிறப்பாக, வெற்றுத் தட்டை வாங்கி வீட்டுக் கணினியிற் பதிந்தவை, சாயப் படலமொன்றிலேயே ஒலியைத் தாங்குகின்றன. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைக் கெடுக்கும். திருவிழாவிலே நாடாவிற் பிடித்துப் பின்னர்த் தட்டுக்கு மாற்றிய நாதசுரக் கச்சேரிகள் பல இத்தகைய தட்டுக்களிலேதான் கிடக்கின்றன. இன்று விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டை இடுதற்குரிய வாயிலே இல்லை. ஆகவே, மூலையிற் கிடக்கும் பழைய கணினியே இப்பணிக்கு எழுத்தாணியாகின்றது.

செய்முறை அரிதன்று. தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துக் கணினியில் இடுக. படியெடுக்கும் மென்பொருள் இசையைக் கோப்பாக்கித் தரும். உள்ளபடியே வைத்தால் ஒரு நிமிட இசை ஏறக்குறைய 10 மெகாபைற் இடங்கொள்ளும். எம்பி3 முறையில், செக்கனுக்கு 128 கிலோபிற் என்ற அளவிற் சுருக்கினால், அதிற் பதினொன்றில் ஒரு பங்கே போதும். ஆனால், அச்சுருக்கம் செவிக்குப் புலப்படா என்று கருதும் ஒலிக்கூறுகளைக் கழித்துப் பெறுவது, கழிந்தவை மீளா. ஆதலால், இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் முறையில் மூலப்படி ஒன்றைக் காத்து, ஒலிக்கருவிக்கு எம்பி3 படியை யூஎஸ்பி வடத்தின்வழி அனுப்புதல் தக்கது. பழைய கணினியில் இயங்குவது விண்டோஸ் எக்ஸ்பி ஆயின், அதற்குரிய பாதுகாப்பு உதவி 2014இல் நின்றுவிட்டது. அதனை இணையத்தோடு தொடுக்காமலே இவ்வேலையைச் செய்தல் நன்று.

நிற்க. நான் சொல்ல வந்தது இதன் பின்னது. பெரும்பாலான இறுவட்டுக்களினுள்ளே பாட்டின் பெயர் பதியப்பட்டிருப்பதில்லை. ஒலியும், பகுதிகளின் எண்ணும், அவற்றின் கால அளவுமே அங்கே உள்ளன. இணையத்தோடு தொடுத்த கணினி அக்கால அளவுகளை எங்கோ உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயரைக் கொணரும். தொடுக்காத கணினியோ 'ட்ராக் 1', 'ட்ராக் 2' என்று எண்ணிட்டு நிறுத்திவிடும். வீட்டிற் பதிந்த தட்டுக்கு அப்பட்டியலும் உதவாது. நம்மவர் அவ்வெண்களோடே ஒலிக்கருவிக்கு மாற்றிவிட்டுத் தட்டைப் பெட்டியோடு வீசிவிடுகின்றனர். பெட்டியின் தாளில் மாத்திரம் இருந்த பெயர்களும் உடன்போகின்றன.

'செவிக்கு இன்பந் தந்தாற் போதாதா? பெயர் எதற்கு?' என்பர் ஒருசாரார். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் வாசிப்பை நேரிற் கேளாத தலைமுறையினர்க்கு ஒலிப்பதிவே கதி. கணினியிற் 'கலைஞர்' என்னுங் கட்டம் ஒன்று முன்னிற்கின்றது. அதில் நாதசுர வித்துவானின் பெயரை இட்டவளவில் வேலை முடிந்தது என அமைவர். தவில் யாருடையது? கட்டம் கேட்கவில்லை, ஆகவே எவரும் எழுதவில்லை. பாடகர் ஒருவர், பாட்டு ஒன்று என்று வகுத்த அக்கட்டங்களில் நம் கச்சேரி அடங்காது. இராகம், தாளம், இயற்றியவர், வாசித்தவர், பக்கவாத்தியம், இடம், ஆண்டு என ஏழும் வேண்டும். நாளை ஒரு மாணவன் அத்தவிலைக் கேட்டு வியந்தால், தன் வியப்புக்கு உரியவர் யாரென்று அவன் எவ்வாறு அறிவான்? வல்லுநர் ஊகிக்கலாம், ஊகம் சான்றாகாது.

'எல்லாம் இணையத்தில் உண்டு' என்பர் மற்றொருசாரார். விற்பனைக்கு வந்த இசை இருக்கலாம். ஊர்க்கோயிலிற் பிடித்த கச்சேரியை எவர் ஏற்றினார்? ஏற்றியதும் பிறர் நினைத்தால் நீங்குவதே. ஓரிடத்தில் மாத்திரம் இருக்குஞ் செல்வம் எத்துணை நிலையற்றது என்பதை, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு எடுத்துரைத்தல் வேண்டா. மீளப் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் அங்கே சாம்பராயின. ஆகவே, படி இரண்டாவது வேண்டும். அவை இரண்டிடத்தில் இருத்தலும் வேண்டும்.

பெயரைத் தமிழிலேயே எழுதுதல் வேண்டும். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எம்பி3 கோப்பின் பழைய பெயர்க்குறிப்பு முறையில் தலைப்புக்கு 30 பைற் இடமே உள்ளது. ஒருங்குறித் தமிழில் குறியொன்று மூன்று பைற் கொள்ளுமாதலின், பத்துக் குறியோடு பெயர் அறுந்துபோம். சில ஒலிக்கருவிகள் தமிழைக் கட்டங்கட்டமாகவே காட்டும். அதன்பொருட்டுத் தமிழைக் கைவிடுதல் தகாது. கோப்புக்கு ஓர் எண்ணை இட்டு, அவ்வெண்ணுக்குரிய முழு விவரத்தையும் கணினியிலே தனிப்பட்டியலாகவும், கையாலே குறிப்பேட்டிலும் எழுதுக. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் வழிவந்த நாம், தெரிந்ததைத் தெரிந்தவாறே எழுதி, ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே குறித்தல் வேண்டும். பொய்ப்பெயரினும் வெற்றிடம் நன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவன் ஒவ்வொருவனும் தன் வீட்டிலோ அயலிலோ உள்ள தட்டு ஒன்றை எடுத்து, முதியவர் ஒருவர் அருகிலிருந்து கேட்டு, அந்த ஏழு விவரங்களையும் எழுதிவருமாறு பணியுங்கள். ஒரு விடுமுறைக்கு ஒரு தட்டுப் போதும். தட்டு இன்னுஞ் சில ஆண்டு பொறுத்தாலும் பொறுக்கும். 'இஃது இன்னாருடைய தவில்' என்று இரண்டு சொற்கட்டிலேயே இனங்கண்டு சொல்லும் முதியவர் எத்தனை ஆண்டு நம்மோடு இருப்பார்? ஒலியைப் பெயர்த்தெழுதக் கணினி உண்டு. பெயரெழுத அவரையன்றி வேறொருவரும் இலர். அவரிடம் இன்றே செல்வோமாக.