நர்ஸுகள் நிரூபித்த உண்மை

மல்லேஸ்வரம்: புற்றுநோய் ஆராய்ச்சி பெரிய டாக்டர்களின் வேலை மட்டுமே என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். திண்டுக்கல் மாவட்டம் அதைப் பொய்யாக்கியது. 2000-ல் அங்கு தொடங்கிய ஆய்வில் 31,343 கிராமப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு உண்டா என்று சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகளே. தேவைப்பட்டோருக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் அளித்தனர்.

2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு!

கிட்வாய் மருத்துவமனைக்குப் போய்வர நம் பெண்களுக்கு ஒருநாள் கூலி போகும். பேட்டையிலேயே நர்ஸ் சோதித்தால் அந்தக் கவலையில்லை. இத்தகைய நர்ஸுகளுக்குத் தனிப் பதவியும் தக்க சம்பளமும் தர அரசு ஆவன செய்யவேண்டும். முப்பது வயது கடந்த சகோதரிகளும் கூச்சத்தை விட்டு முன்வரவேண்டும்.