"இயற்கையாவே எதிர்ப்பு சக்தி வரட்டும்" என்பவர்களுக்கு ஒரு த்ரெட்

"எங்க காலத்துல ரோட்டா சொட்டு மருந்தெல்லாம் ஏது டாக்டர்? நாங்க நல்லாத்தானே இருக்கோம்?" போன வாரம் வார்டில் ஒரு அப்பா கேட்டார். பக்கத்தில் அவருடைய 9 மாதக் குழந்தை. கண் குழி விழுந்து, அழுதாலும் கண்ணீர் வரல. வெயின் கிடைக்க நாலு தடவை குத்த வேண்டியிருந்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. உங்க ரத்தத்தைப் பரிசோதிச்சா ரோட்டாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். என் ரத்தத்திலும்தான். தடுப்பு மருந்து வரும் முன் 5 வயசுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் இந்த வைரஸ் வந்துபோயிருக்கும். ஆனா அப்படி வந்தப்போ பிழைக்காத குழந்தைகள் இன்னைக்கு "நாங்க நல்லாத்தானே இருக்கோம்"னு சொல்ல வரமாட்டாங்க. பிழைச்சவங்க கிட்ட மட்டும் கேட்டா எல்லா நோயும் சாதாரணம்தான்.

அம்மாவிடமிருந்து நஞ்சுக்கொடி வழியா வரும் ஆன்டிபாடி சில மாதங்களில் கரைஞ்சுடும். தாய்ப்பால் கொஞ்சம் காக்கும். சொந்த எதிர்ப்பு சக்தி முழுசா உருவாகாத 6 மாதம் முதல் 2 வயசு வரைதான் பெரும்பாலும் குழந்தைகள் எங்க வார்டுக்கு வர்றாங்க. பெரியவங்களுக்கும் தொற்று வரும், லேசா வந்துட்டுப் போகும். தள்ளாத வயசுல மறுபடி கவனமா இருக்கணும்.

சரி, ஒரு தடவை வந்துட்டா போதுமா? மெக்சிகோவில் இரண்டு தொற்றுக்குப் பிறகு கடுமையான பேதி எந்தக் குழந்தைக்கும் வரல. அதையே நம்ம வேலூரில், பிறந்ததிலிருந்து 3 வருடம் 373 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. பாதிக்கு மேல் 6 மாதத்துக்குள்ளேயே தொற்று. மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79% தான். ஆக, "இயற்கை" மூணு தடவை பாடம் நடத்தியும் நம்ம ஊர்ல முழுசா பாஸ் ஆகல. ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் குழந்தையோட உடம்பிலிருந்து போகும் தண்ணீர்.

சொட்டு மருந்தும் நூறு சதவீதம் இல்ல, மறைக்க மாட்டேன். நம்ம நாட்டில் நடந்த ஆய்வில் ரோட்டாவேக் முதல் வருடத்தில் கடுமையான நோயைப் பாதிக்கு மேல் தடுத்தது. "அவ்வளவுதானா?"ன்னு கேக்கறவங்க ஒரு ராத்திரி எங்க வார்டில் நின்னு பாருங்க. பாதி கட்டில் காலியா இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

6, 10, 14 வாரங்களில், இலவசம். தமிழ்நாட்டில் 2017 முதல் இருக்கு. தவறிட்டா முதல் டோஸை 1 வயசுக்குள் ஆரம்பிக்கலாம்.

மூணாம் நாள் அந்தக் குழந்தை ஓ.ஆர்.எஸ். டம்ளரைப் பிடிச்சு இழுத்துச்சு. "இப்பவும் போடலாமா டாக்டர்?"னு அப்பா மெதுவா கேட்டார். குழந்தை தேறினதும் வர்ற புதன்கிழமை அட்டையோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லியிருக்கேன்.