கைவிட்ட மின்சாரம் மீண்டும் வந்தது!

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், நியூகாசில் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது டைன்மவுத். 1882-ல் அங்கே பெரிய ரெயில் நிலையம் கட்டினார்கள். கடற்கரைக்கு வரும் கூட்டத்துக்காக நீண்ட பிளாட்பாரங்கள். மேலே கண்ணாடிக் கூரை.

முதலில் ஓடியது நீராவி ரெயில். பிறகு சாலையில் மின்சார டிராம் வந்தது. பயணிகள் அதற்குத் தாவினார்கள்.

ரெயில் கம்பெனி சும்மா இருக்குமா? 1904-ல் மின்சார ரெயிலை விட்டது. போன கூட்டம் திரும்பி வந்தது!

காலப்போக்கில் மின்சாதனங்கள் பழசாயின. புதுப்பிக்கச் செலவு அதிகம் என்று கணக்குப் பார்த்தார்கள். 1967-ல் மின்சாரத்தை நிறுத்தி, டீசல் வண்டி விட்டார்கள்.

பதின்மூன்றே ஆண்டுகள்! 1980 ஆகஸ்டு 11-ந் தேதி, "மெட்ரோ" என்ற இலகு ரெயில் அதே பாதையில் வந்தது. மறுபடியும் மின்சாரம்! நியூகாசிலில் சுரங்கம் தோண்டி, பயணிகளை நகரின் நடுவிலேயே இறக்கிவிட்டது.

பாழடைந்த கூரையையும் 2012-ல் செப்பனிட்டார்கள். வார இறுதியில் பிளாட்பாரத்திலேயே சந்தை கூடுகிறது.

மின்சாரத்தைக் கைவிட்டவர்கள், தண்டவாளத்தைப் பெயர்த்து எடுக்கவில்லை. அதனால்தான் மெட்ரோவுக்குப் பாதை தயாராக இருந்தது.

செலவைக் குறைக்கலாம். ஆனால் பாதையை அழித்துவிடக்கூடாது!