கைவிட்டது மசோதாவை மட்டுமல்ல

பொய்த் தகவல் தடுப்பு மசோதாவை ஆஸ்திரேலிய அரசு 2024 நவம்பரில் கைவிட்டது. செனட்டில் ஆதரவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். கீழவையில் நிறைவேறிய மசோதா அது. பொதுவாக்கெடுப்பின் நேர்மையைக் குலைக்கும் பொய்களும் அதன் வரம்புக்குள் வந்தன. எது உண்மை என்பதை அரசே தீர்மானிக்குமோ என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத் திருத்தியிருக்கலாம், சுருட்டி வைத்ததை ஏற்க முடியாது.

2023 அக்டோபர் 14-ல் நடந்த பொதுவாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களை அதற்குள் மறந்துவிட்டார்களா? வாக்குச்சீட்டில் ஒரே ஒரு கட்டம். அதில் ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று எழுத வேண்டும். எழுதாமல் டிக் போட்டால் ஆதரவாக எண்ணப்படலாம், பெருக்கல் குறி போட்டால் செல்லாது என்று தேர்தல் ஆணையம் விளக்கியது. முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பின்பற்றப்படும் சட்ட ஆலோசனை அது. பல படிவங்களில் சம்மதத்துக்கும் பெருக்கல் குறிதான் போடுகிறார்கள் என்பதால் வந்த விதி. 1999 வாக்கெடுப்பில் செல்லாத வாக்குகள் எல்லாம் சேர்ந்தே ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. விதியை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள். போனதில் தவறில்லை. ஆனால் இணையத்தில் அந்த விளக்கம் ‘வாக்கெடுப்பே மோசடி’ என்று பரவியது. ஆணையம் பதிவு பதிவாகப் போய் மறுப்பு எழுத வேண்டியிருந்தது. பூர்வகுடி மக்களுக்கு அரசியல் சாசனத்தில் ஓர் ஆலோசனை அமைப்பு வேண்டுமா என்று பேசவேண்டிய நாட்களை டிக்கும் பெருக்கல் குறியும் தின்று தீர்த்தன. அதே சமயத்தில் எக்ஸ் தளம், அரசியல் பொய்களைப் பற்றிப் புகார் செய்யும் வசதியை எடுத்துவிட்டது. நிறுவனங்கள் தாங்களாக ஏற்ற நடத்தை விதியிலிருந்து அந்தத் தளத்தை விலக்கினார்கள், அதுவும் வாக்கெடுப்பு முடிந்த பிறகு. வேறு தண்டனை கிடையாது.

ஆறு மாநிலங்களும் ‘நோ’ சொன்னதை நாம் குறை சொல்லவில்லை. எதைக் கேட்டு, எதை நம்பி மக்கள் வாக்களித்தார்கள் என்பதே நம் கவலை.

கான்பெராவில் முடிவெடுப்பவர்களுக்குப் பின்வாங்குவது புதிதல்ல. பொய்யான தேர்தல் விளம்பரத்துக்கு 1983-ல் தடை கொண்டுவந்து, அடுத்த ஆண்டே நீக்கினார்கள். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமோ அப்படியொரு சட்டத்தை 1985 முதல் நடத்திக் காட்டுகிறது. 2023 மார்ச்சில் பொதுவாக்கெடுப்புச் சட்டத்தையே திருத்தியவர்கள், விளம்பரத்தில் உண்மை வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவில்லை. வீடுவீடாக அனுப்பிய அதிகாரபூர்வக் கையேட்டில்கூட இரு தரப்பு எம்.பி.க்களும் எழுதிக்கொடுத்ததைச் சரிபார்க்காமலே அச்சிட்டார்கள்.

அடுத்த வாக்கெடுப்புக்கு முன்பாவது கட்சிகள் உட்கார்ந்து பேசி ஒரு வழி காண வேண்டும். செனட்டில் எண்ணிக்கை இல்லை என்ற பதிலை இன்னொரு முறை கேட்க நாம் தயாராக இல்லை.