வாசலிலேயே முடிந்துபோகும் வழக்குகள்

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் ஒரு விவசாயியைப் பொலிஸார் காரணமின்றிப் பிடித்து அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி, ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மாத்தளையில் அல்ல, கொழும்பு புதுக்கடையில். சட்டத்தரணியைப் பிடித்து, சத்தியக் கடதாசி தயாரித்து, பஸ் ஏறிப் போனாலும் மனு நேராக விசாரணைக்கு வந்துவிடாது. குறைந்தது இரண்டு நீதியரசர்கள் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். மறுத்தால் கதை அத்தோடு சரி. மறுப்புக்கான காரணம் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

தீர்ப்புகளில் அரசியலைத் தேடுகிறோம். அது முதலில் நுழையும் இடம் இந்த வாசல்தான்.

வடக்கும் கிழக்கும் 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் பிரகடனத்தால் இணைக்கப்பட்டன. அதை எதிர்த்து 2006இல், ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து, அடிப்படை உரிமை மனுக்கள் வந்தன. உரிமை மீறல் தொடர்கிறது என்று கூறி நீதிமன்றம் காலக்கெடுவைத் தடையாக்கவில்லை. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் ஆயம் ஒக்டோபர் 16ஆம் திகதி இணைப்பைச் செல்லாததாக்கியது. தொடரும் மீறல் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு; அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாராளம் யாருக்குக் கிடைத்தது?

சிங்கராசா வழக்கைப் பாருங்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளமிட்ட தமிழ் இளைஞர் அவர். விதிக்கப்பட்ட 50 ஆண்டுச் சிறை மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. மேற்கொண்டு மேன்முறையிட உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு அனுமதி மறுத்தது. அவரது உரிமைகள் மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கூறிய பின்னரும், மீளாய்வுக் கோரிக்கை 2006 செப்டெம்பரில் தள்ளுபடியானது. இணைப்புத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, அதே பிரதம நீதியரசர் காலத்தில்.

நீதியரசர்களின் மனதுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. எந்த வழக்கை யார் கேட்பது என்று பிரதம நீதியரசர் தனியே தீர்மானிக்கும் முறையைப் பார்க்கலாமே. மூத்த நீதியரசர் மார்க் பெர்னாண்டோ முக்கிய அரசியலமைப்பு வழக்குகளின் ஆயங்களிலிருந்து ஒதுக்கப்படுவதாக சரத் என். சில்வா காலத்திலேயே குறை சொல்லப்பட்டது. 2004இல் அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். இந்தியாவில் 2018 ஜனவரி 12 அன்று நான்கு மூத்த நீதிபதிகள் செய்தியாளர்களை அழைத்துச் சொன்னதும் வழக்கு ஒதுக்கீடு பற்றித்தான்.

அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஆயத்தை ஒருவரின் விருப்பம் அல்ல, வெளியிடப்பட்ட விதி தீர்மானிக்க வேண்டும். நீதிமன்ற நடைமுறைக்கு விதிகள் ஆக்கும் அதிகாரத்தை 136ஆவது உறுப்புரை உயர் நீதிமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. காரணம் எழுதும் வழக்கத்தைத் தொடங்கவாவது பாராளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.