கரன்ட் வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

இடுப்பு வலி என்று பிசியோதெரபிக்கு வருபவர்களில் பலர், என்ன சிகிச்சை என்பதை முடிவுசெய்துகொண்டே வருகிறார்கள். ‘ஜவ்வு விலகிடுச்சாம், பத்து நாள் கரன்ட் வைக்கணுமாம்’ என்று சீட்டை நீட்டுவார்கள். வெளியே நாலு பேர் காத்திருக்கும்போது, கருவியை மாட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பது எளிது. ஆனால், அந்த வலிக்குப் பின்னால் முறிந்த முள்ளெலும்போ, பரவிய புற்றுநோயோ, முதுகெலும்புக் காசநோயோ, நசுங்கும் நரம்புக் கொத்தோ இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு, மருத்துவரின் சீட்டு கையில் இருந்தாலும் பிசியோதெரபிஸ்ட்டை விட்டு நீங்காது. நோயாளியைத் தொடர்ந்து பல நாள் பார்க்கிறவர் அவர்தான்.

இந்த அபாய அறிகுறிகளைத் துறையினர் ‘ரெட் ஃப்ளாக்’ என்பார்கள். முதல் நாள் ஒரு படிவத்தில் வரிசையாக ‘டிக்’ அடித்துக் கோப்பில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது போதாது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக இடுப்பு வலி வந்து சிகிச்சைக்குச் சென்ற 1,172 பேரை ஓராண்டு கண்காணித்தார்கள். ஏறத்தாழ 80% பேருக்குக் குறைந்தது ஓர் அபாய அறிகுறியாவது இருந்தது. உண்மையிலேயே ஆபத்தான நோய் இருந்ததோ 11 பேருக்குத்தான். அதிலும் 8 பேருக்கு எலும்பு முறிவு. ஒற்றை அறிகுறியைக் கண்டதுமே எம்ஆர்ஐக்கு அனுப்பினால், கூலி வேலை பார்ப்பவரின் பல நாள் சம்பளம் கரையும். வயதானால் எல்லோருக்கும் தெரிகிற தேய்மானத்தை ஸ்கேனில் பார்த்துவிட்டு, அவர் குனியவே பயப்படத் தொடங்குவார். அதற்காகப் பட்டியலையே ஒதுக்கினால் அந்த 11 பேர் கைவிடப்படுவார்கள். அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் மறுபடி கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ‘ஸ்டீராய்டு எடுக்கிறீங்களா?’ என்றால் ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘மூட்டு வலிக்கோ, இழுப்புக்கோ ரொம்ப நாளா ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா? அட்டையை நாளைக்குக் கொண்டுவாங்க’ என்றால், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அட்டை வெளியே வரலாம். எழுபது வயதில், எலும்பை மெலிய வைக்கும் அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்காகப் போட்டுவரும் ஒருவருக்குக் குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுரீரென்று பிடித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது முறிவைத்தான். அவரை முதுகெலும்பை இழுத்துவிடும் ட்ராக்‌ஷனில் படுக்க வைக்கக் கூடாது. புற்றுநோய் விஷயம் இன்னும் சிக்கலானது. ‘கட்டி எடுத்தாங்க’ என்பதற்கு மேல் நோயாளிக்கே சொல்லாத குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். உடன் வந்த மகனையோ மகளையோ தனியே விசாரிக்காமல், மார்பிலோ புராஸ்டேட்டிலோ முன்பு இருந்த நோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம் என்ற சந்தேகமே எழாது.

எல்லாவற்றிலும் அவசரமானது, முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குவது. அரிதுதான். ஆனால், சில மணி நேரத் தாமதம்கூட ஒருவரை ஆயுள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு வாழ வைத்துவிடலாம். இரண்டு காலிலும் வலி இறங்குவது, கால் வலுவிழப்பது, பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப்போவது, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவை இதன் அடையாளங்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் படுத்திருக்கும் அறையில், ஓர் ஆண் சிகிச்சையாளர் இதைக் கேட்டால் எந்தப் பெண் வாய்திறப்பார்? கதவைச் சாத்தி, தேவைப்பட்டால் பெண் ஊழியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ‘வெளிக்குப் போய்ட்டு கழுவும்போது தண்ணி படுறது தெரியுதாம்மா? ஒண்ணுக்கு வர்ற உணர்வு எப்பவும்போல இருக்கா, முக்க வேண்டியிருக்கா?’ என்று கேட்க வேண்டும். ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். சிறுநீர் தேங்கித் தானாக வழியும் நிலைக்குப் போன பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் முழுப் பலன் கிடைப்பது கடினம்.

மேல்நாட்டுப் படிவங்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் இன்னொரு குறையும் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். எலும்பைத் தாக்கும் காசநோய் அதிகம் பிடிப்பது முதுகெலும்பைத்தான். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இலேயே விவரித்த நோய் இது. மாதக்கணக்கில் மெல்ல வளரும். இருமல் இல்லாமலே இருக்கலாம். காய்ச்சலும் தெரியாமல் போகலாம். எடை குறைவதை ‘வலியில சாப்பிட முடியல’ என்று வீட்டாரே விளக்கிவிடுவார்கள். முதுகில் ஓர் எலும்பு மட்டும் துருத்தி, தட்டினால் அந்த இடத்திலேயே வலித்தால், அங்கே மசாஜுக்கோ நெட்டி எடுப்பதற்கோ இடமில்லை. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. கால் செயலிழப்பதற்கு முன்பு கண்டுபிடித்தால் பெரும்பாலோரை நடக்க வைத்துக் காப்பாற்றிவிடலாம். நம் ஊர்ப் படிவத்தில் காசநோய் முதல் வரிசையில் இருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற கேள்வியும் சேர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடிப் போகிறார். அருமையான ஏற்பாடு. நடமாட முடியாத மூதாட்டியின் முதுகைத் தொட்டுப் பார்க்கிற ஒரே ஆள் அவராகவே இருக்கக்கூடும். அவர் எழுதித் தரும் குறிப்பை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் மதித்து, வரிசையில் நிற்க வைக்காமல் அன்றே பரிசோதிக்க வழி வேண்டும். அனுப்பியவருக்கு முடிவைத் தெரிவிக்கவும் வேண்டும்; தன் சந்தேகம் சரியா தவறா என்று தெரியாதவர் அடுத்த முறை எதை வைத்துத் தீர்மானிப்பார்? இடுப்பு வலிக்காரர் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு சிறு அட்டை தரலாம்: கால் வலுவிழந்தால், உட்காரும் இடம் மரத்தால், சிறுநீர் அடைத்தால் அடுத்த சிகிச்சை நாளுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அதை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதவருக்கு, வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் படித்துக்காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.